நோவலுக்கு இரண்டு 'ல்'

பொட்டி தட்டும் பொழைப்பைப் பற்றி ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்றைக்குக் கம்பைலர், பேட்ச் என்று கொஞ்சம் பழைய கதை பேசப்போகிறேன். கூடவே எங்கள் ஊர்க் கதையும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2012 ஜனவரி. டொராண்டோவில் காலை ஆறரை மணி, வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்து, நூலகம் திறக்கிற நேரம். போனில் எனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்த சார்.

"மக்கா, நீ செய்து தந்த புரோகிராம் சொல்லுது, போன வருசம் தமிழ் நோவல் ஒருத்தரும் எடுக்கல்லியாம். பூஜ்யம்னு காட்டுது. நான் ஒருத்தன் மட்டுமே பத்துப் புத்தகத்துக்கு மேல எடுத்திருக்கேனே! எனக்கொண்ணும் மனசிலாவல்ல."

பாறசாலையில் இருந்து எல்லையைப் பார்த்து நடந்தால் வரும் கிராமம் எங்களுடையது. அங்கே ஒரு சின்ன நூலகம். மலையாளப் புத்தகங்கள்தான் அதிகம். மூலையில் ஒரே ஓர் இரும்பு அலமாரி, அதில் தமிழ். பாதிக்கு மேல் எங்கள் பாட்டா கொடுத்த புத்தகங்கள். 2006-ல் விடுமுறைக்குப் போயிருந்தபோது, வாங்கியது கொடுத்தது பதிவதற்குச் சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

இப்போது அந்த நினைப்புக்கு வேட்டு. இரண்டு வாரத்தில் பொதுக்குழு. ஒருத்தரும் தொடாத அலமாரி எதற்கு, எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு அந்த இடத்தில் பி.எஸ்.சி. பரீட்சைப் புத்தகம் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. அதற்கு ஆதாரம் என்னுடைய புரோகிராம் அச்சடித்த தாள்!

அலமாரிக்கு என்ன ஆச்சு என்று சொல்லும் முன், தப்பு என்ற சமாச்சாரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1947 செப்டம்பர் 9-ம் தேதி ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரத்தின் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்ததும், அதை நோட்டில் ஒட்டி வைத்ததும் எல்லோரும் கேட்ட கதை. அதிலிருந்துதான் 'பக்' என்ற வார்த்தை வந்தது என்பார்கள். அது சரியில்லை. எடிசன் 1878-லேயே அந்த வார்த்தையை இயந்திரக் கோளாறுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியை ஒட்டினவர்களுக்கும் வார்த்தை முன்பே தெரியும். தெரிந்ததால்தான் அது அவர்களுக்கு நகைச்சுவை.

'பேட்ச்' என்பது அதைவிட நேரடியான வார்த்தை. மார்க் 1 காலத்தில் (1944) புரோகிராம் என்றால் துளை போட்ட காகித நாடா. தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அடைப்பார்கள். நிறைய மாற்ற வேண்டுமென்றால் நாடாவை வெட்டி, புதுத் துண்டை நடுவில் வைத்து ஒட்டுவார்கள். கிழிந்த நிக்கருக்கு அம்மா ஒட்டுப் போடுவாளே, அதே ஒட்டு. இன்று நூற்றுக்கணக்கான மெகாபைட்டில் இறங்குகிறதற்கும் அதே பெயர்தான்.

கம்பைலர் வந்தது அதற்குப் பிறகு. கிரேஸ் ஹாப்பர் 1952-ல் யுனிவாக்குக்காகச் செய்த ஏ-0 தான் முதல் கம்பைலர் என்று சொல்வது வழக்கம். இன்றைய அர்த்தத்தில் அது தயாராக இருந்த துண்டுகளை எடுத்துக் கோர்க்கும் ஏற்பாடுதான். மனிதன் எழுதும் சூத்திரத்தை இயந்திர மொழிக்கு உருப்படியாக மாற்றிக் காட்டியது ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழு 1957-ல் முடித்த ஃபோர்ட்ரான்.

அந்த ஃபோர்ட்ரானைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம். 1957 ஏப்ரலில், பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸ் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி நிறைய துளை அட்டைகள் வந்து சேர்ந்தன. விளக்கக் குறிப்பு ஒன்றும் கிடையாது. இதுதான் அந்தக் கம்பைலராக இருக்கும் என்று ஊகித்து, ஹெர்பர்ட் பிரைட் என்பவரும் கூட இருந்தவர்களும் தங்கள் புரோகிராம் ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். கணினி யோசித்து, ஒரு தாளை அச்சடித்துத் தந்தது. விடை இல்லை. ஒரு குறிப்பிட்ட வரியில் அடைப்புக்குறிக்குப் பிறகு கமா விட்டுப்போயிருக்கிறது என்ற தகவல்! ஐ.பி.எம்.முக்கு வெளியே ஒரு பயனர் கையில் ஃபோர்ட்ரான் கொடுத்த முதல் பதிலே பிழைச் செய்திதான். கமாவைப் போட்டார்கள், ஓடியது.

அந்தப் பிழைச் செய்தி எவ்வளவு நல்ல செய்தி பாருங்கள். என்ன வரி, எந்த இடம், என்ன குறை என்று சொல்லிவிட்டது. பிறகு வந்த பல கம்பைலர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு நாற்பது வரி புலம்பும். உண்மையான தப்பு முதல் வரியில் இருக்கும், மிச்சமெல்லாம் அதன் குட்டிகள். அதனால்தான் பழைய ஆட்கள் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது: மேலே இருக்கிற பிழையை மட்டும் பார், திருத்து, மறுபடி கம்பைல் பண்ணு.

மறுபடி கம்பைல் என்று இப்போது லேசாகச் சொல்கிறோம். 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கேதான் பாடம் எடுத்தார். அவருடைய ஃபோர்ட்ரான் புத்தகத்தைத் தொடாத அந்தத் தலைமுறை மாணவர் குறைவு. அந்தக் கணினி மையங்களில் எல்லாம் அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத் தாளுக்குக் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் மறுநாள்தான் வரும். ஒரு கமாவுக்கு ஒரு நாள். இன்னொரு கொடுமையும் உண்டு. அட்டையில் 80 கட்டம், அதில் ஃபோர்ட்ரான் 72 வரைதான் படிக்கும். 73-ம் கட்டத்தில் விழுந்த எழுத்தைச் சத்தம் போடாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி வராது, விடை மட்டும் தப்பாக வரும். பிழைச் செய்தி தராத பிழைதான் ஆளைக் கொல்லும் என்பது என் அனுபவம். எங்கள் நூலகத்தில் நடந்ததும் அதுதான்.

பேட்ச் கதைக்குத் திரும்புவோம். இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில், மூலநிரலுக்கான பேட்ச் 1985-ல் பிறந்தது. லேரி வால் என்பவர், மொழியியல் படித்தவர், பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கியவர், அந்த வருடம் மே மாதம் 'பேட்ச்' என்ற ஒரு சின்ன புரோகிராமை ஊருக்கெல்லாம் கொடுத்தார். வேலை இதுதான். பழைய கோப்புக்கும் புதுக் கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு பட்டியலாக அனுப்பு. வாங்கினவர் தன்னிடம் உள்ள பழைய கோப்பில் அதைச் செலுத்தினால் புதுக் கோப்பு கிடைக்கும். மெதுவான மோடத்தில் முழு மூலநிரலை அனுப்ப வேண்டிய அவசியம் போயிற்று.

அதன் அழகு வேறு இடத்தில். எத்தனையாவது வரி என்பதை மட்டும் அது நம்பாது. மாற்ற வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளையும் பார்க்கும். வரி நகர்ந்திருந்தால் தேடிப் போகும். அக்கம்பக்கம் கொஞ்சம் மாறியிருந்தால்கூடச் சமாளிக்கும். ரொம்ப மாறியிருந்தால், இந்தத் துண்டு பொருந்தவில்லை என்று சொல்லி, அதைத் தனியாக ஒரு 'ரெஜெக்ட்' கோப்பில் எடுத்து வைத்துவிடும். தூக்கிப் போடாது. லினக்ஸ் கெர்னல் முதல் பத்து வருடம் வளர்ந்தது பெரும்பாலும் மின்னஞ்சலில் வந்த இந்த மாதிரித் துண்டுகளால்தான்.

பேட்சை எழுதுவது பாதி வேலை. அது போய்ச் சேர்ந்து, ஒழுங்காக உட்கார்ந்தால்தான் மீதி. 2003 ஜனவரி 25-ம் தேதி ஸ்லாமர் என்ற புழு சில நிமிடங்களில் உலகத்தைச் சுற்றி வந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், ஒட்டு வெளியிட்டிருந்தது. போடத்தான் ஆளில்லை. போட்டால் ஓடுகிறது நின்றுவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் 1956 வரை எல்லையே இல்லை. அந்தப் பக்கம் விளவங்கோடு தாலுகா, இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை தாலுகா, எல்லாம் திருவிதாங்கூர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955-ல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் 1956 நவம்பர் 1-ம் தேதி சென்னை மாநிலத்துக்குப் போயின. செங்கோட்டையின் பெரும்பகுதியும் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

கோடு தாலுகா எல்லையில் விழுந்தது. மொழிக்கு அப்படியொரு எல்லை அங்கே இருந்ததில்லை. களியக்காவிளையில் பஸ் இறங்கி இந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் இஞ்சிவிளை, கேரளம். பனச்சமூடு சந்தையில் காய் வாங்குகிறவர் எந்த மாநிலம் என்று அவர் வாயைத் திறந்தாலும் தெரியாது. 'மனசிலாச்சா' என்று கேட்பவர் தமிழரும்தான். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். தமிழ் எழுத்தை எனக்குப் பாட்டா திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்த அலமாரிப் புத்தகங்களை வைத்துத்தான்.

இப்போது அந்தப் பூஜ்யம். சாரிடம் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். தமிழ் நாவல் கொடுத்த பதிவுகள் வரிசையாக இருக்கின்றன. பெயர், தேதி, எல்லாம் சரி. பிரிவு என்ற இடத்தில் மலையாள எழுத்தில் 'தமிழ் நோவல்'. புரோகிராம் தேடுவதும் அதே 'தமிழ் நோவல்'. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் பழைய பதிவில் 'நோவல்' என்ற சொல்லுக்கு 18 பைட். புதுப் பதிவில் 12.

இதற்குத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நமக்கு ல் என்றால் ல போட்டு ஒரு புள்ளி, முடிந்தது. மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் இவற்றுக்கெல்லாம் தனி வடிவம் உண்டு, சில்லு என்பார்கள். யூனிகோடில் முதலில் இதற்குத் தனி இடம் இல்லை. ல, அதன்மேல் சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி, மூன்றும் சேர்ந்தால் திரையில் சில்லு. ஒன்றுக்கு 3 பைட், ஆக 9. கண்ணுக்குத் தெரியாததுதானே என்று அந்தக் குறியை ஏதாவது ஒரு மென்பொருள் உதறிவிட்டால் மலையாளத்தில் 'அவன்' என்பது 'அவனுக்கு' என்று ஆகிவிடும்.

இது சரியா, தனி இடம் கொடுக்க வேண்டுமா என்று வருடக்கணக்கில் சண்டை. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரும் ரசனா எழுத்துரு ஆட்களும் தனி இடம் கூடாது என்றார்கள். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுத வழி திறந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 2008 ஏப்ரலில் வந்த யூனிகோடு 5.1 ஆறு சில்லுகளுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. பழைய முறையும் புது முறையும் ஒன்றுதான் என்ற அதிகாரபூர்வச் சமன்பாடு கிடையாது. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவது யூனிகோடு விதியிலேயே இல்லை. எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் புரிகிறது. ஆனால் பயந்தவர்கள் சொன்னது நடந்தது, எங்கள் நூலகமே சாட்சி. (நெய்யாற்றின்கரை என்ற பெயரிலேயே ஒரு சில்லு 'ன்' உண்டு. அதையும் இரண்டு விதமாக எழுதலாம். 2016-ல் 'ழ்' உட்பட மேலும் மூன்று சில்லுகளைச் சேர்த்தார்கள்!)

தமிழர்கள் சிரிக்க வேண்டாம் :) 2005-ல் யூனிகோடு 4.1-ல் ஶ என்ற எழுத்தைச் சேர்த்தபின் நம் 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாக எழுதலாம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதற்கு முன் நாம் பட்ட பாடு தெரியாதா? ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொரு குறியேற்றம். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தெரிய நிறுவல் சி.டி.யைத் தேடி வீடெல்லாம் புரட்டியவர்கள்தானே நாம். உமர்தம்பி தேனீ எழுத்துருவும், முகுந்த் எ-கலப்பையும், சுரதா பொங்குதமிழ் மாற்றியும் தந்திருக்காவிட்டால் ஊருக்கு இரண்டு வரி எழுதியிருப்போமா? 2006-ல் காலமான உமர்தம்பியை நான் நேரில் பார்த்ததில்லை, அந்த வருத்தம் உண்டு.

நூலகத்தில் நடந்தது இதுதான். 2010 கடைசியில் கணினி மாற்றியிருக்கிறார்கள். புது விசைப்பலகை புதுச் சில்லைத் தட்டுகிறது. என் புரோகிராம் தேடுவது பழைய சில்லை. அப்படியானால் மலையாள நோவலும் பூஜ்யம் ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஏனென்றால் மலையாளப் பிரிவுகளை எல்லாம் நான் ஒரு பட்டியலில் போட்டு, எண்ணை அழுத்தினால் போதும் என்று செய்திருந்தேன். தமிழை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்து கையால் தட்டச் சொல்லியிருந்தேன். தமிழ் அலமாரியைப் பார்த்துத் தமிழ் படித்த நான், தமிழை மற்றவையில் போட்டிருக்கிறேன். வேறு யாரைக் குறை சொல்ல?

திருத்தம் பத்து வரி. ஒப்பிடும் முன் பழைய மூன்றெழுத்துக் கூட்டத்தைப் புது ஒற்றை எழுத்தாக மாற்று, அவ்வளவுதான். அதைப் போய்ச் சேர்க்க நாலு காலை ஆனது.

முதல் நாள் மின்னஞ்சல் உடலிலேயே பேட்சை ஒட்டி அனுப்பினேன். அஞ்சல் நிரல் நீள வரிகளை மடித்து உடைத்துவிட்டது. 23-ம் வரியில் பேட்ச் வடிவம் கெட்டிருக்கிறது என்றது. இரண்டாம் நாள் இணைப்பாக அனுப்பினேன். வடிவம் சரி, ஆனால் துண்டு பொருந்தவில்லை. சாரிடம் டியூஷன் படித்த பையன் ஒருவன் நடுவில் நூலகப் பெயர் பெரிதாக வர அந்த இடத்திலேயே கை வைத்திருக்கிறான். நல்ல பையன், சொல்லாமல் செய்திருக்கிறான். மூன்றாம் நாள், சரி கையாலேயே மாற்றிவிடலாம் என்று, வரிகளை ஒரு சொற்செயலியில் விளக்கத்தோடு தட்டி அனுப்பினேன். சார் அப்படியே எடுத்து ஒட்டி, கம்பைல் செய்து, போனில் வாசித்தார்.

"மக்கா, ஸ்ட்ரே, பெறகு மூணு நாலு ரெண்டு. அடுத்தது ஸ்ட்ரே, ரெண்டு பூஜ்யம் பூஜ்யம். அடுத்தது ரெண்டு மூணு நாலு. இது என்னடே, லாட்டரி நம்பர் மாதிரி?"

342, 200, 234. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொற்செயலி என் நேர் மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிட்டது. வளைந்த குறி ஒன்று மூன்று பைட். அந்த மூன்றையும் கம்பைலர் எண்ணடி எண்ணில் எண்ணிச் சொல்கிறது. "சார், மேற்கோள் குறிய எல்லாம் அழிச்சிட்டு நீங்களே கையால அடியுங்க." எழுபதை நெருங்கும் மனிதர், ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். பிழைச் செய்தி தமிழில் வந்தால் என்ன என்று முத்து அண்ணாமலை 2009-ல் எழில் மொழியைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

நாலாம் நாள் காலை ஆறே முக்காலுக்குக் கம்பைல் ஆனது. பிழை எதுவும் இல்லை. அறிக்கையை ஓட்டினார். பூஜ்யம் இருந்த இடத்தில் மூன்று இலக்கம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். அதிகம் எடுத்தவர் அவர் இல்லை. களியக்காவிளையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வாரம் ஒரு தடவை நடந்து வந்து எடுத்துப் போகிறாராம்.

"இவ வருவா, நான்தான் பதிஞ்சு குடுப்பேன். ஆனா இத்தன எடுத்திருக்காளா? தெரியாதே!" என்றார் சார்.

பொதுக்குழுவில் அலமாரி பிழைத்தது. பி.எஸ்.சி. புத்தகத்துக்கு வராந்தாவில் ஒரு மேசை போட்டார்கள். அடுத்த வாரம் நான் இன்னொரு பேட்ச் அனுப்பினேன். சுருக்கிக் கட்டி, இணைப்பாக. பட்டியலில் ஒரு வரி கூடுதல்: 7, தமிழ் நோவல். இந்தத் தடவை ஒரே அடியில் உட்கார்ந்தது.